இரண்டாயிரம் ஐகானில் யார் யார் உள்ளே?

படி ஏறும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள். தொட்டால் கை வெள்ளையாகிவிடும். கீழ்த்தளத்தில் சிற்பக்கூடம், காலையிலிருந்து கிரைண்டர் ஓடுகிறது, கல்தூள் மாடி வரைக்கும் ஏறி வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொள்கிறது. மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகிற வழியில் இப்படி நிறையக் கட்டடங்கள் உண்டு. கீழே உளி, மேலே வாடகைக்கு. நாம் போகிற மாடியில் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு ஏ4 தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ‘செருப்பு வெளியே, சத்தம் உள்ளே’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று.

உள்ளே நடப்பது என்ன தெரியுமா? ஒரு வெப் ஆப்புக்கு உடம்பு இளைக்கவைக்கும் வேலை! அதுவும் முழு ஆப்புக்கு இல்லை, அதில் வரும் குட்டிக் குட்டி ஐகான்களுக்கு. நாம் ஃபோனில் ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டுகிற அந்தப் பூதக்கண்ணாடி, வீடு, இதயம், குப்பைத்தொட்டி இதெல்லாம் எங்கிருந்து வருகிறது, எது வருகிறது, எது வராமல் வாசலில் நிற்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகக் குறுகுறுப்பு. ஒரு நண்பர் மூலம் அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை: நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். “கிளையன்ட் படிச்சிட்டா, இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பாரு அக்கா.” நியாயம்தான். ஆகவே இவர்கள் நமக்கு அண்ணன், தம்பி, டிசைனர், டெஸ்டர். மொத்தமே அவ்வளவு பேர்தான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மென்பொருள் என்றால் கண்ணுக்கு முன்னால் வருவது வேறு காட்சி. சிறுசேரி சிப்காட்டின் கண்ணாடிக் கட்டடங்கள், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி, கூடுவாஞ்சேரி அருகே ஸோஹோ. அங்கெல்லாம் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். இங்கே பூனை ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டு வழிவிட்டது. உப்புக்காற்றில் துருவேறிய ஏசி, அதன் சொட்டுக்கு ஒரு பெயின்ட் டப்பா, நாற்காலிக்கடியில் ஹெல்மெட்டுகள், ஜன்னலில் காயப்போட்ட சர்ஃபிங் சட்டை (தம்பி அதிகாலையில் அலையேறிவிட்டு நேரே ஆபீஸுக்கு வருகிறவராம்). மேசையில் சார்ஜர் ஒயர்கள் பின்னிக் கிடக்கிற கோலத்தைப் பார்த்தால், யாராவது ஒருவர் எழுந்து போனால் மற்ற மூவரும் அணைந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

இவர்கள் செய்திருப்பது ஒரு முன்பதிவு ஆப். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை தங்கும் அறை, சர்ஃபிங் வகுப்பு, வழிகாட்டி, ஆட்டோ எல்லாம் ஒரே இடத்தில். மாமல்லபுரமோ 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர். 2021-22 கணக்கில், நாட்டின் கட்டணச் சின்னங்களில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாகப் பார்த்தது தாஜ்மகாலை அல்ல, இந்த ஊரைத்தான். 1,44,984 பேர்! பெருந்தொற்றுக் காலத்து விசித்திரம் என்று ஒதுக்குங்கள், ஆனாலும் எண் எண்தானே. இந்தக் கூட்டத்தில் ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அறை தேடுகிறார் என்று வையுங்கள். சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது. பக்கம் திறக்கவேயில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்துப் பார்த்து அவர் வேறு ஆப்புக்கு ஓடிவிடுகிறார். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் இன்றைய பாடு.

டெஸ்டரின் மேசைக்கு வாருங்கள். அவரிடம் ஒரு பழைய ஃபோன் இருக்கிறது. திரையில் விரிசல், பின்மூடி ரப்பர் பேண்டால் கட்டியது. “இதுதான் எங்க ஆபீஸ்லயே பவர்ஃபுல் மெஷின் அக்கா,” என்கிறார் கொஞ்சமும் சிரிக்காமல். புது ஃபோனில் எல்லாமே வேகமாகத்தான் தெரியும், இந்தக் கிழட்டு ஃபோன்தான் உண்மை பேசுமாம். இணையவேகத்தை வேண்டுமென்றே குறைத்துவைத்து ஆப்பைத் திறக்கிறார். திரை வெள்ளை. இன்னும் வெள்ளை. கீழே கிரைண்டர் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. அப்போதும் வெள்ளை. தம்பி தலையைச் சொறிகிறார்.

அண்ணன் பெரிய திரையில் கோப்புகளின் பட்டியலைத் திறந்தார். எந்தக் கோப்பு எவ்வளவு நேரம் இழுத்தது என்று வண்ணப் பட்டைகளாகக் காட்டும் இடம் அது. எல்லாப் பட்டையும் குட்டை. ஒன்று மட்டும் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டிப் படுத்திருந்தது. அதுதான் ஐகான் கோப்பு. புகைப்படம் இல்லை, வீடியோ இல்லை, சின்னஞ்சிறு ஐகான்கள்!

“உள்ளே என்னதான் இருக்கு, காட்டுங்களேன்,” என்று நான்தான் நச்சரித்தேன். அண்ணன் கோப்பைப் பிரித்துத் திரையில் கொட்டினார். அடேயப்பா! வரிசை வரிசையாகக் கறுப்புப் பொடிப்படங்கள், உருட்ட உருட்ட முடியவே இல்லை. பனி தள்ளும் வண்டி. பனிச்சறுக்கு வீரர். நீர்நாய். பனிமனிதன். சித்திரை வெயிலில் தார் உருகும் ஊரில் அறை தேடுகிற ஒருவரின் ஃபோனுக்குப் பனி தள்ளும் வண்டியை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது டிசைனர். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

எப்படி நடந்தது இது? ரொம்ப எளிது. ஃபான்ட் ஆசம், மெட்டீரியல், லூசிட் என்று ஐகான் தொகுப்புகள் ஆயிரக்கணக்கான படங்களோடு கிடைக்கின்றன. பலவற்றை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆப் பிறந்த புதிதில் யாரோ அவசரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள், ‘முழுத் தொகுப்பையும் கொண்டு வா’ என்று. ஒரு கொத்து கறிவேப்பிலைக்காகச் சந்தையையே லாரியில் ஏற்றிவந்த கதை. ஒற்றை ஐகான் என்று பார்த்தால் சில நூறு பைட்தான், தூசு. இரண்டாயிரம் தூசு சேர்ந்தால் மெகாபைட் கணக்குக்குப் போய்விடுகிறது. அந்த வரியை எழுதியது யார் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வசதி இருக்கிறது. அண்ணன் புரட்ட விடவில்லை. ஏன் விடவில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது, எனக்கும்.

ஒரு காலத்தில் இதற்கு வேறு வழியே இல்லை என்கிறார் அண்ணன். ஐகான்களை எழுத்துருவாக மாற்றி அனுப்பிய காலம் அது. டேவ் கேண்டி என்பவர் 2012-இல் ஃபான்ட் ஆசமைக் கொண்டுவந்தபோது உலகமே கொண்டாடியது. ஆனால் எழுத்துரு என்றால் முழுசாக வரும். ஒரே ஒரு இதயம் வேண்டுமென்றாலும் மொத்தக் குடும்பமும் கிளம்பி வரும். 2016 பிப்ரவரியில், நிரலாளர்கள் கூடும் கிட்ஹப் தளம் தன் ஐகான்களை எழுத்துருவிலிருந்து எஸ்.வி.ஜி. என்ற கோப்பு வகைக்கு மாற்றியது. அதன்பின் மற்றவர்களும் மெல்ல மெல்ல மாறினார்கள். எஸ்.வி.ஜி.யில் ஒவ்வொரு படமும் தனித்தனி ஆள். வேண்டியவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். 2001-லேயே உலக இணையக் கூட்டமைப்பு அங்கீகரித்த சங்கதிதான், அரங்கத்துக்கு வரத்தான் இத்தனை வருஷம்.

இப்போது ஆஜர் எடுக்கும் படலம். எனக்கு இந்தக் காட்சிதான் மிகப் பிடித்தது. தம்பி ஒரு சின்ன நிரலை ஓட்டுகிறார். அது ஆப்பின் மொத்தக் குறிமுறையையும் வரிவரியாக மேய்ந்து, எங்கெல்லாம் ஒரு ஐகானின் பெயர் எழுதியிருக்கிறதோ அதையெல்லாம் பொறுக்கி வருகிறது. பிரின்டர் கரகரத்தது. வந்தது ஒற்றைத் தாள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தில் இந்த ஆப் உண்மையில் கூப்பிடுவது நாற்பதைக்கூடத் தொடவில்லை!

தாளைச் சுவரில் ஒட்டினார்கள். ஆளுக்கொரு ஹைலைட்டர். சண்டை ஆரம்பம்.

“இந்தக் குப்பைத்தொட்டி ஏன் ரெண்டு தடவை வருது?” மூடி திறந்த தொட்டி ஒன்று, மூடி மூடிய தொட்டி ஒன்று. முன்பு வேலை பார்த்தவர் ஒரு தொகுப்பை எடுத்திருக்கிறார், பின்னால் வந்தவர் இன்னொன்றை. மூடி மூடியது ஜெயித்தது. காரணம்? “தொறந்து வெச்சா நாறும்ணா,” என்றார் டெஸ்டர். இதற்கு மேல் வாதம் உண்டா?

அம்புக்குறி மூன்று. முனை மட்டும் ஒன்றில் கூர்மை, ஒன்றில் மழுங்கல், ஒன்றில் ஏதோ நடுத்தரம். டிசைனர் மூன்றுக்கும் அருகில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற யூசர் இருந்தா அவரை நாமே வேலைக்கு எடுத்துக்கலாம்,” என்றார். இரண்டு போயிற்று. இதயம் மட்டும் இரண்டாகவே தப்பியது. கோட்டு இதயம் பிடிக்கும்வரை, நிரம்பிய இதயம் பிடித்தபின். அதே மாதிரி சிவப்பு மணி, நீல மணி என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒரே மணியாக்கிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் எழுத்தின் நிறத்தை எஸ்.வி.ஜி. தானே வாங்கிக்கொள்ளுமாம். ஒரு நட்சத்திரத்துக்கு எத்தனை வேஷம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு சேமிப்பு ஐகான். ஃப்ளாப்பி டிஸ்க். டெஸ்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இது இன்னா அக்கா, ஸ்விட்ச் போர்டா?” எனக்கு வயதாகிவிட்டது என்று அந்த நிமிஷம் தெரிந்தது. அண்ணன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். மூன்று கோடு போட்ட மெனு ஐகானை நார்ம் காக்ஸ் என்பவர் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக 1981-இல் வரைந்தார், அது இன்றும் ஓடுகிறது என்று நான் எடுத்துவிட்டேன். “அப்ப அது எங்க அப்பாவோட செட்டு,” என்றபடி தம்பி அதற்கு மரியாதையாக ஒரு டிக் போட்டார்.

நடுவில் கரன்ட் போனது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது, கிரைண்டர் நின்றது, திடீரென்று கடல் சத்தம் கேட்டது. “டீ!” என்று நான்கு குரல் ஒரே நேரத்தில். நான் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தேன். கரன்டே தேவையில்லாத ஒருவர் பாதி முடிந்த பிள்ளையாரின் தும்பிக்கையை உளியால் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டிசைனர் கையை உயர்த்தித் தடுத்தார். “அக்கா, வேண்டாததைச் செதுக்கித் தள்ளுனா சிலைன்னு மட்டும் எழுதிடாதீங்க. இங்க வர்ற எல்லாரும் அதையேதான் சொல்லிட்டுப் போறாங்க.” வாயை மூடிக்கொண்டேன். என் நோட்டில் அந்த வரி எழுதியாகிவிட்டது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.

டீ வருவதற்குள் தம்பி ஃபோனில் செஸ் பலகையைத் திறந்துவிட்டார். லீசெஸ் தளம். பூஞ்சேரி இங்கிருந்து எட்டும் தூரம்தானே, 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்த இடம். அந்த ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரங்களில் இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு குதிரை. வேட்டி கட்டிக் கைகூப்பி நின்ற ‘தம்பி’ சின்னம் போஸ்டர் போஸ்டராகச் சிரித்தது. பொதுப் பிரிவில் 188 அணி, பெண்கள் பிரிவில் 162 அணி. ஒரு மோதலுக்கு நான்கு பலகை. ஆக, எல்லோரும் உட்கார்ந்தால் ஒரே நேரத்தில் 700 பலகை! உஸ்பெகிஸ்தான் தங்கம் அடித்ததும், உக்ரைன் பெண்கள் தங்கம் அடித்ததும், பதினாறு வயது குகேஷ் முதல் பலகையில் தனிநபர் தங்கம் வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை யோசித்தீர்களா? அந்த ஆட்டங்களை உலகம் பார்த்தது திரையில். 700 பலகையைக் காட்டினாலும் திரைக்குத் தேவையான படங்கள் எத்தனை?

“பன்னிரண்டு!” தம்பி மேசையைத் தட்டினார். ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்று ஆறு. கறுப்பு ஆறு, வெள்ளை ஆறு. பலகையில் நிற்கும் எட்டு வெள்ளைச் சிப்பாய்க்கும் ஒரே சிப்பாய் படம்தான். ஒரு தடவை வந்தால் போதும், வேண்டிய கட்டத்திலெல்லாம் நிறுத்திக்கொள்ளலாம்.

அதோடு விடவில்லை அவர். அமைப்புகளைத் திறந்து காய்களின் தோற்றத்தை மாற்றிக் காட்டினார். அங்கே டஜன் கணக்கில் காய்த் தொகுப்புகள் இருக்கின்றன. ஒன்றில் காய்க்குப் பதில் எழுத்து, ஒன்றில் எல்லாமே குதிரை மூஞ்சி. ஆனால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்தத் தொகுப்பு மட்டும்தான் உங்கள் ஃபோனுக்கு வரும். மற்றதெல்லாம் அங்கேயே தூங்கும். முதலில் தெரியும் தொகுப்பு கொலின் பர்னெட் என்பவர் 2006-இல் விக்கிப்பீடியாவுக்காக எஸ்.வி.ஜி.யில் வரைந்தது. விக்கிப்பீடியாவின் செஸ் பக்கங்களில் நீங்கள் பார்ப்பதும் அதே குதிரைதான். தீபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010-இல் ஆரம்பித்த இந்தத் தளத்தில் இன்றும் விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே டெஸ்டர் எட்டிப் பார்த்து, தம்பியின் ராணி போய்விட்டதைச் சுட்டிக்காட்டினார். டீயும் வந்தது.

கரன்ட் வந்தபின் டிசைனரின் மூலைக்கு நகர்ந்தோம். எதை விடுவது என்று பார்த்தாயிற்று. இப்போது எதைச் சேர்ப்பது? இத்தனை ஆயிரம் படத்திலும் இந்த ஊருக்கு வேண்டிய சில இல்லவே இல்லை. ஆட்டோவே ஈமோஜியாக வந்தது 2019-இல்தான். கோயிலும் அதே வருஷம்தான் வந்து சேர்ந்தது. அதுவரை டாக்சியையும் ஏதோ ஒரு மண்டபத்தையும் போட்டுச் சமாளித்திருக்கிறது உலகம்.

அறைகளின் வசதிப் பட்டியலில் காபிக்கு ஒரு ஐகான் வேண்டும். தொகுப்பில் இருப்பது கைப்பிடி வைத்த கோப்பை, மேலே இரண்டு ஆவிக்கோடு. கிளையன்ட் அதைப் பார்த்ததும், “நம்ம ஊர்ல யாரும்மா இதுல காபி குடிக்கிறாங்க?” என்று கேட்டிருக்கிறார். ஆகவே டபரா டம்ளர். கேட்பதற்கு எளிது. ஐகான் என்பது 24-க்கு 24 கட்டத்துக்குள் அடங்கவேண்டிய உயிர். டிசைனர் முதலில் வரைந்தது சாந்துச் சட்டி. இரண்டாவது, தலைகீழாகக் கவிழ்த்த தொப்பி. மூன்றாவதைப் பார்த்து டெஸ்டர், “பக்கெட்ல குளிக்கிறாங்களா?” என்றார். டிசைனர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டம்ளரின் வாயை அரைக் கட்டம் வெளியே மடித்தார், அவ்வளவுதான். அந்த விளிம்பு வந்ததும் திரையில் சட்டென்று டம்ளர்! அண்ணன் காற்றில் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினார்.

அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டாமா? பார்த்தேன். எஸ்.வி.ஜி. என்பது படமே இல்லை, படம் போடுவதற்கான கட்டளைகள். ‘எம்’ என்றால் பேனாவைத் தூக்கி இந்த இடத்தில் வை. ‘எல்’ என்றால் அங்கிருந்து நேராக ஒரு கோடு. ‘சி’ வந்தால் வளைந்து போ. ‘இசட்’ வந்தால் தொடங்கிய இடத்துக்கு வந்து மூடு. டபராவின் இடுப்பு வளைவு ஒரே ஒரு ‘சி’. அதற்குப் பக்கத்தில் சில எண்கள். விரல் வைத்துக் காற்றில் போட்டுப் பார்த்தேன், நிஜமாகவே டபரா வந்தது! இதைச் சொல்லிச் சொல்லி அன்று வீட்டில் எல்லோரையும் படுத்தி எடுத்திருக்கிறேன்.

அந்த எண்களுக்கு நடுவே ஒரு குட்டி ரகசியமும் கிடந்தது. வரைபட மென்பொருள் படத்தை வெளியே அனுப்பும்போது தன் மூட்டை முடிச்சையும் கூடவே கட்டி அனுப்பிவிடும். 12 என்று இருக்கவேண்டிய இடத்தில் 11.99987. அடுக்குகளுக்கு டிசைனர் வைத்த பெயர்களும் அப்படியே. தம்பி உரக்கப் படித்தார்: “காபி ஃபைனல். காபி ஃபைனல் ஃபைனல். காபி இதுதான் நிஜ ஃபைனல் சத்தியமா.” கோடி யூசர் வந்தால் கோடி ஃபோனுக்கும் அந்தச் சத்தியம் போயிருக்கும்! துடைத்துச் சுத்தமாக்க எஸ்.வி.ஜி.ஓ. என்று ஒரு கருவி இருக்கிறது. ஓட்டியதும் கோப்பு பாதியாகச் சுருங்கியது. டிசைனருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், அந்தப் பெயர்களில் ஒரு சரித்திரம் இருந்ததாம்.

அடுத்தது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. சரிவில் விழாமல் நிற்கிற அந்தப் பாறை, 250 டன் இருக்கும் என்கிறார்கள். 1908-இல் மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானையைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்ற கதையை வழிகாட்டிகள் இன்றும் சொல்வார்கள். ஐகானாக்கினால்? ஒரு வட்டம், ஒரு சாய்கோடு. உலகத்திலேயே எளிதான ஐகான் என்று நினைத்தார்கள். வரைந்து பார்த்தால், ஒரு பொட்டைத் தொலைத்த சதவீதக் குறி! “தள்ளுபடி எவ்ளோன்னு கேப்பாங்கணா,” என்றார் தம்பி. வட்டத்தைக் கொஞ்சம் கோணலாக்கினார்கள். உருளைக்கிழங்கு. கோட்டைத் தடிமனாக்கினார்கள். கால்பந்து மைதானம்.

அப்போது டெஸ்டர் எழுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கித் தாங்குவதுபோல் நின்றார். எல்லோரும் “ஆ!” என்றோம். அந்தப் பாறைக்கு முன்னால் எந்தச் சுற்றுலாப் பயணியும் எடுக்காமல் திரும்பாத போஸ் அது. நான்கு கோட்டில் ஒரு குட்டி மனிதர் பாறைக்கடியில் முளைத்தார். வெண்ணெய் உருண்டை கண்டுபிடிக்கப்பட்டது. பக்கத்தில் சாளுவன்குப்பம் புலிக்குகைக்கும் ஒன்று போடலாமே என்று ஆசையாகக் கேட்டேன். டிசைனர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அங்கே குகையைச் சுற்றிப் பதினொரு யாளித் தலை, இங்கே 24 கட்டம். நான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

சாயங்காலம் நான்கு மணிவாக்கில் புதுக் கோப்பு தயார். அதிலும் ஒரு ஏற்பாடு. முதல் திரையில் வருகிறவர்கள் பக்கத்தோடு சேர்ந்தே வருவார்கள், மற்றவர்கள் அந்தந்தப் பக்கம் திறக்கும்போது வந்தால் போதும். கிழட்டு ஃபோனை நடுவில் வைத்து நான்கு பேரும் குனிந்தார்கள். நானும் தலையை நுழைத்தேன். டெஸ்டர் தொட்டார். வந்தது! பட்டென்று! பூதக்கண்ணாடி, வீடு, டபரா டம்ளர், பாறையும் ஆளும் எல்லாமே. தம்பி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். டெஸ்டர் மட்டும் கொண்டாடவில்லை. ஒவ்வொரு பக்கமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

“அண்ணா. சர்ஃபிங் பக்கத்துல ஒண்ணு காணோம்.”

கடல் நிலவரம் காட்டும் இடத்தில் வெற்றுச் சதுரம். அலை அமைதியா, சுமாரா, கொந்தளிப்பா என்று சொல்ல வேண்டிய ஐகான். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் அலையேறத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் உலக சர்ஃபிங் லீகின் போட்டியே இந்தக் கரையில் நடந்தது. அங்கே போய் வெற்றுச் சதுரமா? அண்ணனுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. ஆஜர் எடுத்த நிரல் எழுதிவைத்த பெயர்களைத்தான் பொறுக்கும். இந்த ஐகானின் பெயர் எங்கேயும் முழுசாக எழுதப்படவில்லை. ‘கடல்’ என்று பாதிப் பெயர் இங்கே இருக்கிறது, மீதிப் பாதி அன்றன்றைக்கு சர்வரிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆஜர் எடுக்கும்போது பாவம், அதற்கு முழுப் பெயரே கிடையாது.

வெள்ளைப்பலகையில் புதிதாக ஒரு தலைப்பு ஏறியது: ‘யாரும் தொடாதே’. அதற்குக் கீழே கடல் மூன்று, வானிலை ஐந்தாறு, பணம் கட்டும் இடத்தில் வரும் வங்கிச் சின்னங்கள். நிரல் கண்டாலும் காணாவிட்டாலும் இவர்கள் உள்ளே வந்தே தீரவேண்டும். எழுதி முடித்ததும் தம்பி கடைசியில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அண்ணன் அழித்தார்.

கடைசிப் பரிசோதனை ஆபீஸில் இல்லை. டெஸ்டருக்கு வீடு திருக்கழுக்குன்றம். தினமும் செங்கல்பட்டு பஸ்ஸில்தான் போகிறார். பூஞ்சேரி தாண்டியதும் சிக்னல் விளையாட ஆரம்பிக்கும் இடம் அவருக்கு அத்துப்படி. கிழட்டு ஃபோனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மற்ற மூவரும் வேலை செய்வதுபோல நடித்தார்கள். நான் மிச்ச மிக்சரைக் காலி செய்தேன். அரைமணி கழித்து அண்ணனின் ஃபோனில் குரல் பதிவு. பின்னணியில் பஸ் ஹாரன், யாரோ சில்லறை கேட்கிறார். “அண்ணா! வந்துடுச்சு! ஆட்டோ வந்துடுச்சு!”

அண்ணன் பதில் அனுப்பினார்: “ஐகானா, நிஜ ஆட்டோவா?”

அதற்குப் பதில் வருவதற்குள் கிளையன்ட்டின் அழைப்பு வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டார்கள். பக்கம் நல்ல வேகமாக இருக்கிறது, ரொம்ப சந்தோஷம் தம்பி, ஒரே ஒரு சின்ன விஷயம். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை முட்டையிடக் கரைக்கு வருமே, ராத்திரி ஆமை நடை என்று ஒரு வகுப்பு சேர்க்கிறோம். அதற்கு ஒரு ஐகான் போட்டுவிடுங்கள்.

“லைப்ரரில ஆமை இருக்கா பாருடா.”

“இருக்குண்ணா. ஆனா அது தரை ஆமை.”

“ஆமைன்னா ஆமைதானே?”

டிசைனர் அதற்குள் கட்டத்தாளைத் திறந்திருந்தார். “கால் இருந்தா தரை, துடுப்பு இருந்தா கடல். நாலு துடுப்பு போட்டா 24-க்குள்ள நிக்காது. ரெண்டு போட்டா மீனாயிடும்.”

“மூணு போடு,” என்றார் தம்பி. பேனா ஒன்று பறந்து வந்தது. குனிந்துகொண்டார்.

“சரி, நான் போய் லைப்ரரிலேர்ந்து அதை இழுத்துட்டு வரேன், நீ காலை மட்டும் மாத்திக்க.”

“ஒண்ணே ஒண்ணுதான் வரணும்,” அண்ணன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே சொன்னார். “பின்னாடியே பனி தள்ளுற வண்டி வந்துச்சுன்னா, நாளைக்கு அதுலயே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”